டிசெபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டால்: சென்னையில் இருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராணுவப் பணி முடிந்து ஊர் திரும்பிய சில மாதங்களில், உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வரும். பெரும்பாலும் ஒரே பக்கம்தான். உங்கள் நோய் ராணுவப் பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் தீவிரமடைந்ததும் அல்ல, ஆகவே டிசெபிலிட்டி பென்ஷன் (ஊன ஓய்வூதியம்) தர இயலாது என்று அதில் இருக்கும். இப்படித் திரும்பிய விண்ணப்பங்களைப் படைவீரர்கள் 'நானா கேஸ்' என்பார்கள் ('ஏற்பட்டதும் அல்ல, தீவிரமடைந்ததும் அல்ல' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). ஆவடியிலும் பல்லாவரத்திலும் நந்தம்பாக்கத்திலும் இந்தக் கடிதத்தைப் பீரோவில் வைத்துவிட்டு அதோடு விட்டுவிட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அரசாங்கம் சொல்லிவிட்டது, இனி என்ன செய்ய முடியும் என்ற நினைப்புதான் காரணம்.

செய்ய முடியும். முறையீட்டுக்கு இரண்டு படிகளும், அதற்கு மேல் தீர்ப்பாயமும் இருக்கின்றன. ஆனால் தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பென்ஷனை மறுத்தது அந்தக் கடிதம் அல்ல. நீங்கள் வெளியே வரும்போது உங்களைப் பரிசோதித்த ராணுவ மருத்துவர் குழுவின், அதாவது மெடிக்கல் போர்டின், படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் எழுதப்பட்ட ஓரிரு வரிகள்தான் மறுத்தன. கடிதம் அந்த வரிகளைத் திருப்பிச் சொல்கிறது. முறையீடு முழுவதும் அந்த வரிகளுக்குப் பதில் சொல்வதாக இருக்க வேண்டும். இருபது ஆண்டு உழைத்தேன், குடும்பம் கஷ்டப்படுகிறது என்று எழுதுவது உண்மையாகவே இருந்தாலும் கோப்பை ஓர் அங்குலம்கூட நகர்த்தாது.

உங்களுக்கு உரிமை இருக்கிறதா

அடிப்படை நிபந்தனைகள் இரண்டு. நோயோ காயமோ பணியால் ஏற்பட்டிருக்க வேண்டும் அல்லது பணியால் தீவிரமடைந்திருக்க வேண்டும். மெடிக்கல் போர்டு மதிப்பிட்ட ஊன அளவு 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 'அல்லது' என்பதைக் கவனியுங்கள். ரத்த அழுத்தம் உங்கள் பரம்பரையில் இருந்தாலும், பணியின் நெருக்கடி அதைக் கூட்டியது என்று காட்ட முடிந்தால் போதும்.

பணிக்காலம் முடியும் முன்பே உடல்நிலையைக் காரணம் காட்டி வெளியே அனுப்பப்பட்டவர்களின் நிலை சற்று வலுவானது. ராணுவத்தில் வைத்துக்கொள்ளவே முடியாத அளவுக்கு ஒருவருக்கு ஊனம் இருந்தால் அது 20 சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்று சுக்விந்தர் சிங் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணிக்காலத்தை முழுமையாக முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்களுக்கு 20க்குக் கீழே மதிப்பிட்டிருந்தால், முதலில் அந்த மதிப்பீட்டையே எதிர்த்து மறு மெடிக்கல் போர்டு கேட்க வேண்டும்.

சொந்த விருப்பத்தில் விலகியவர்களுக்குக் கிடைக்காது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1-1-2006க்குப் பிறகு அப்படி வெளியே வந்தவர்கள், ஊனம் இருந்தும் பணியில் தொடர்ந்திருந்தால், டிசெபிலிட்டி எலிமெண்ட், அதாவது பென்ஷனில் ஊனத்துக்காகத் தரப்படும் பகுதி, கோரலாம். பாதுகாப்பு அமைச்சகத்தின் 29-9-2009 கடிதம் இதற்கு வழி செய்கிறது.

இன்னொரு தேதியும் முக்கியம். 21-9-2023 முதல் டிசெபிலிட்டி பென்ஷனுக்குப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதற்கு முன் வெளியே வந்தவர்களுக்குப் பழைய விதிகள்தான். யாராவது புதிய விதியைக் காட்டிப் பழைய கேஸை மறுத்தால், உங்கள் டிஸ்சார்ஜ் தேதியைச் சுட்டிக்காட்டுங்கள்.

கடிதம் வந்த அன்றே

கடிதம் கையில் கிடைத்த தேதியை அதன் மூலையில் எழுதுங்கள். உறையைத் தூக்கி எறியாதீர்கள், அஞ்சல் முத்திரை பின்னால் சாட்சியாகும். முதல் முறையீட்டுக்கு 6 மாத அவகாசம் உண்டு. எங்கே அனுப்ப வேண்டும் என்பது பெரும்பாலும் கடிதத்தின் கடைசிப் பத்தியிலேயே இருக்கும்.

6 மாதம் எப்போதோ கடந்துவிட்டதா? கைவிட வேண்டாம். தாமதத்துக்கான காரணத்தை நேர்மையாக எழுதி முறையீட்டை அனுப்பலாம். பென்ஷன் என்பது மாதந்தோறும் தொடரும் உரிமை என்பதால் தீர்ப்பாயங்கள் பழைய கேஸ்களையும் கேட்கின்றன. ஆனால் 2008இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் தர்சேம் சிங் தீர்ப்பைப் பின்பற்றி, பெரும்பாலும் மனு போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டு நிலுவை மட்டுமே கிடைக்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பணம் போகிறது என்பது இதன் பொருள்.

காகிதங்களைக் கைக்குக் கொண்டு வருதல்

மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கைக் குறிப்பு வேண்டும். அதன் படிவ எண் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16. அதோடு, முதன்முதலில் உங்கள் மெடிக்கல் கேட்டகரி (உடல் தகுதி நிலை) குறைக்கப்பட்டபோது எழுதப்பட்ட ஆவணங்கள், ராணுவ மருத்துவமனை கேஸ் ஷீட்டுகள், சேர்ந்தபோது நடந்த உடல் தகுதித் தேர்வின் பதிவு, எந்த ஆண்டில் எங்கே பணி என்று காட்டும் போஸ்டிங் விவரம் ஆகியவை வேண்டும். காயம் என்றால் ஐ.ஏ.எஃப்.ஒய்-2006 என்ற காய அறிக்கையும், விசாரணை நடந்திருந்தால் அதன் நகலும் தேவை.

இவை எல்லாம் உங்கள் ரெக்கார்டு ஆபீஸில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், ஆர்ட்டிலரி நாசிக், இ.எம்.இ. செகந்திராபாத், மெடிக்கல் கோர் லக்னோ. விமானப்படையினருக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படையினருக்கு மும்பை மான்குர்த். முதலில் ஒரு சாதாரண விண்ணப்பம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'எல்லா ஆவணங்களும்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். படிவ எண், ஆண்டு, மருத்துவமனையின் பெயர் குறிப்பிட்டுத் தனித்தனியாகக் கேளுங்கள்.

பென்ஷனே இல்லாமல் வெளியே வந்தவர்கள் இதில் அவசரம் காட்ட வேண்டும். அவர்களுடைய சர்வீஸ் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவது நடைமுறை.

அந்த ஒரு கட்டம்

படிவம் வந்ததும் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். போர்டின் கருத்து என்ற பகுதியில் ஓர் அட்டவணை இருக்கும். முதலில் நோயின் பெயர். அடுத்து, பணியால் ஏற்பட்டதா என்பதற்கு ஆம் அல்லது இல்லை. அதற்கடுத்து, பணியால் தீவிரமடைந்ததா என்பதற்கு ஆம் அல்லது இல்லை. கடைசியில் காரணம். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் உங்கள் கேஸ் இருக்கிறது. நெருக்கமான கையெழுத்தில் ஒன்றிரண்டு வரி. நோய் பீஸ் ஸ்டேஷனில் (அமைதியான ஊர்ப் பணியிடத்தில்) தொடங்கியது, ஃபீல்டு ஏரியாவோடோ (எல்லை, களப் பணியிடம்) உயரமான மலைப்பகுதியோடோ தொடர்பில்லை என்று இருக்கும். அல்லது 'உடலமைப்பு சார்ந்த நோய்' என்று மட்டும் இருக்கும். சில படிவங்களில் காரணமே இருக்காது. அதே படிவத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. பணியில் சேரும் முன்பே இந்த நோய் இருந்ததா என்பது. பெரும்பாலும் 'இல்லை' என்றே போர்டு எழுதியிருக்கும்.

இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேரும்போது நோய் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். பணிக்காலத்தில் நோய் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்கிறார்கள். அப்படியானால் ஏன் தொடர்பில்லை என்று விளக்க வேண்டியது யார்? இதற்குத்தான் தரம்வீர் சிங் வழக்கில் 2-7-2013 அன்று உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. அவர் சிக்னல்ஸில் சிப்பாயாக இருந்தவர், வலிப்பு நோய் வந்து வெளியே அனுப்பப்பட்டவர். சேரும்போது நோய்க் குறிப்பு எதுவும் பதிவாகவில்லை என்றால் அவர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய் பணியால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே. சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று போர்டு சொன்னால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். பழைய விதிகளின் கீழ் வரும் கேஸ்களுக்கு இன்றும் இதைவிட வலுவான ஆயுதம் இல்லை. காரணம் எழுதாத போர்டு கருத்தை ஏற்க முடியாது என்பதை 2025இல் ராஜுமோன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

எதிர்த் தீர்ப்புகளும் உண்டு, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மனநோய்க் கேஸ் ஒன்றில், நர்சிங் யாதவ் என்பவரின் வழக்கில், 2019இல் போர்டின் கருத்தையே நீதிமன்றம் ஏற்றது. லீவில் ஊருக்கு வந்தபோது சொந்த வேலையாக ஸ்கூட்டரில் போய் அடிபட்ட ஜுஜார் சிங்குக்கு 2011இல் கிடைக்கவில்லை. லீவு விபத்துகளில் பணியோடு ஏதாவது ஒரு காரணத் தொடர்பு காட்ட முடிந்தால்தான் வாய்ப்பு. குடிபோதை, தன் தவறான நடத்தை போன்றவை படிவத்தில் பதிவாகியிருந்தால், எழுதுவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

கட்டத்துக்குப் பதில் எழுதுதல்

'பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது' என்பதுதான் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய்க் கேஸ்களில் அடிக்கடி வரும் காரணம். இதற்குப் பதில் உங்கள் போஸ்டிங் விவரத்தில் இருக்கிறது. ஒரு நாயக்கை எடுத்துக்கொள்வோம். ரஜோரியில் மூன்றாண்டு ஊடுருவல் தடுப்புப் பணியில் இருந்துவிட்டுச் சென்னைக்கு மாற்றலாகி வருகிறார். நான்காம் மாதம் வருடாந்திரப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் தெரிகிறது. படிவத்தில் 'தொடக்கம்: சென்னை' என்று எழுதிவிடுகிறார்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்ட இடம் சென்னை. தொடங்கிய இடம் சென்னைதான் என்பதற்கு யாரிடம் ஆதாரம் இருக்கிறது? அவருடைய முறையீட்டின் முதல் பத்தியே இந்தக் கேள்வியாக இருக்க வேண்டும்: ஃபீல்டு பணி முடிந்த தேதி, நோய் பதிவான தேதி, இரண்டுக்கும் இடையில் உள்ள மாதங்கள், ஃபீல்டில் இருந்த காலத்தில் முறையான பரிசோதனை நடந்ததா என்ற விவரம்.

இதய நோய் என்றால் இன்னொன்றையும் தேடுங்கள். நோய் தாக்குவதற்கு முந்தைய 14 நாளில் நீங்கள் என்ன பணி செய்தீர்கள் என்று யூனிட் ஒரு குறிப்புத் தர வேண்டும். அது படிவத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அதையே ஒரு காரணமாக எழுதுங்கள். அது இருந்து, அதில் இரவுக் காவலும் தொடர்ப் பயிற்சியும் பதிவாகியிருந்தால், அந்தப் பக்கத்தின் நகலை முறையீட்டோடு இணையுங்கள். காது கேளாமைக்கு, சேர்ந்தபோது எடுத்த செவித்திறன் பதிவும் பீரங்கியோடு கழிந்த ஆண்டுகளும் பேசும். முதுகுத்தண்டு டிஸ்க் நோய்க்கு, பாராசூட் குதிப்பு, மலையேற்றம், சுமை தூக்கிய பணிகள், கூடவே காய அறிக்கை.

புதிதாக முறையிடுகிறவர்கள் சென்னை மருத்துவமனைகளில் எடுத்த ஸ்கேன்களைக் கட்டுக்கட்டாகச் சேர்ப்பதைப் பார்க்கிறேன். இன்றைய ஸ்கேன் நோய் இருக்கிறது என்று காட்டும். நோய் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. எப்போது, எதனால் வந்தது என்பதுதான் கேள்வி. சர்வீஸ் காலத்துக் காகிதம் ஒன்று, பிறகு எடுத்த பத்துக்குச் சமம். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் தொடர்ந்து சிகிச்சை பெறுவதற்கான ஓரிரு தாள்கள் போதும்.

முதல் முறையீடு, இரண்டாம் முறையீடு

முறையீட்டை ஆங்கிலத்தில் டைப் செய்து அனுப்புவது வழக்கம். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, நிராகரிப்புக் கடித எண், நோயின் பெயர், போர்டு தந்த சதவீதம் ஆகியவை மேலே. கீழே போர்டின் காரணத்தை அப்படியே எடுத்தெழுதி, அதற்குப் பதில். பிறகு தரம்வீர் சிங் தீர்ப்பின் குறிப்பு. கடைசியில் என்ன கேட்கிறீர்கள் என்பது: நோயைப் பணி சார்ந்ததாக ஏற்க வேண்டும், எந்தத் தேதியிலிருந்து டிசெபிலிட்டி எலிமெண்ட் வேண்டும், சதவீதத்தை உயர்த்திக் கணக்கிட வேண்டும் (இந்த ரவுண்டிங்கைக் கடைசிப் பகுதியில் விளக்குகிறேன்). மூன்று பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கோபத்தைக் காகிதத்தில் கொட்ட வேண்டாம், படிப்பவர் முடிவெடுத்த அதே ஆள் அல்ல.

ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்ததற்கான ட்ராக்கிங் பக்கத்தின் பிரிண்டையும் கோப்பில் வையுங்கள். முதல் முறையீட்டுக் குழுவும் மறுத்தால், அந்தக் கடிதத்திலிருந்து இன்னொரு 6 மாதத்துக்குள் இரண்டாம் முறையீட்டுக் குழுவுக்கு எழுத வேண்டும். இரண்டாவதில் முதல் முறையீட்டையே நகலெடுத்து அனுப்புவது வீண். புதிய கடிதத்தில் சொன்ன காரணம் மாறியிருக்கும், அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பதிலே வராமல் போவதும் உண்டு. அதற்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. முறையீடு செய்து 6 மாதம் கழிந்தும் முடிவு வராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று 2007ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம், 21ஆம் பிரிவில் சொல்கிறது. அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்காகத்தான்.

சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயம்

ஜபல்பூரில் ரெக்கார்டு ஆபீஸ் இருந்தால் ஜபல்பூருக்கு அலைய வேண்டுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. வேண்டியதில்லை. ஓய்வு பெற்றவர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய அமர்விலேயே மனு போடலாம். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்களுக்குச் சென்னை அமர்வுதான். ஒரு நீதித்துறை உறுப்பினரும், படையில் உயர் பதவி வகித்த ஒரு நிர்வாக உறுப்பினரும் சேர்ந்து விசாரிப்பார்கள். ஃபீல்டு ஏரியா என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

இறுதி முடிவு வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். தாமதமானால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு தனி மனுவும் சேர்க்க வேண்டும். பாதுகாப்பு அமைச்சகச் செயலாளர், படைத் தளபதி, ரெக்கார்டு ஆபீஸ் பொறுப்பு அதிகாரி, பிரயாக்ராஜ் பென்ஷன் கணக்குத் தலைமை அலுவலகம் ஆகியோரை எதிர்த்தரப்பில் சேர்ப்பது வழக்கம். அரசுத் தரப்பு பதில் மனு தாக்கல் செய்ய அவகாசம் கேட்கும், சில தவணைகள் அதில் போகும். தேவைப்பட்டால் புதிய மெடிக்கல் போர்டு நடத்தத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள்.

நீங்களே வாதாடலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் வழக்கறிஞர் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. வரும் நிலுவைத் தொகையில் இத்தனை சதவீதம் தர வேண்டும் என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் பலனில் பங்கு கேட்பதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. கட்டணம் கொடுக்க வழியில்லை என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். கணவரை இழந்த மனைவி அவருடைய நிலுவைக்காக வழக்கு நடத்தும்போது இது பெரிய துணை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கடிதங்கள் எழுதவும் ரெக்கார்டு ஆபீஸைத் தொடர்புகொள்ளவும் உதவுவார்கள்.

எவ்வளவு கிடைக்கும், எப்போது

100 சதவீத ஊனத்துக்கு, கடைசியாகப் பெற்ற சம்பளக் கணக்கில் 30 சதவீதம் டிசெபிலிட்டி எலிமெண்ட். போரிலோ அதற்கு இணையான நடவடிக்கையிலோ பட்ட காயத்துக்கு இதைவிடக் கூடுதல் விகிதம் உண்டு. குறைந்த ஊனத்துக்கு அந்த விகிதத்தில் குறையும். ஆனால் இங்கேதான் ரவுண்டிங் வருகிறது. 50க்குக் கீழே இருப்பதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருப்பதை 75 ஆகவும், அதற்கு மேல் இருப்பதை 100 ஆகவும் கணக்கிட வேண்டும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய், ஊனம் 20 சதவீதம் என்றால் ரவுண்டிங் இல்லாமல் மாதம் 2,400 ரூபாய். ரவுண்டிங்கோடு 6,000 ரூபாய். அதன் மேல் அகவிலைப்படி. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்று ராம் அவதார் வழக்கில் 10-12-2014 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. ஆகவே மனுவில் ரவுண்டிங்கைத் தனியாகக் கேட்க மறக்காதீர்கள்.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்த பிறகும் கொஞ்சம் பொறுமை வேண்டும். அரசு மேலே போகலாம். தீர்ப்பாய முடிவுகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட முடியும் என்று பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கதவு இரு தரப்புக்கும் திறந்திருக்கிறது, தோற்றால் நீங்களும் போகலாம். அரசு மேலே போகாமலும், உத்தரவில் சொன்ன கெடுவுக்குள் நிறைவேற்றாமலும் இருந்தால், நிறைவேற்றக் கோரித் தீர்ப்பாயத்திலேயே மீண்டும் மனு போட வேண்டும்.

ஒப்புதல் கிடைத்ததும் திருத்திய பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறை பென்ஷன் இணையதளத்தில் உங்கள் கணக்கில் ஏறும். அதைத் திறந்து மூன்றைச் சரிபாருங்கள்: சதவீதம் (மேலே சொன்ன உதாரணத்தில்) 20 என்றே இருக்கிறதா அல்லது 50 ஆகியிருக்கிறதா, 'வாழ்நாள் முழுவதும்' என்று இருக்கிறதா, நிலுவை தொடங்கும் தேதி தீர்ப்பில் சொன்ன தேதிதானா. ஒன்று பிசகினாலும் ஸ்பர்ஷிலேயே குறை பதிவு செய்து, தீர்ப்பின் நகலோடு தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள பாதுகாப்புக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்திலும் ஒரு கடிதம் கொடுத்து, கையொப்பமிட்ட நகலை வாங்கி வாருங்கள்.